இரும்பு கலக்காத மட்டை

மாமல்லபுரம்
14.6.2003

அன்புள்ள பாலு அண்ணாவுக்கு,

வத்சலாவின் நமஸ்காரம். இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. மணி பன்னிரண்டரை. கையெழுத்து கோணலாக இருந்தால் அது டார்ச் வெளிச்சத்தில் எழுதுவதால். லைட்டைப் போட்டால் மானசா எழுந்துவிடுவாள். நாங்கள் மூவரும் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா? மன்னி, ஜெயந்த் எப்படி இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போதே கேட்டிருக்கலாம். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "அவருக்கு எதுக்கு வீண் சிரமம்" என்பார். அதனால்தான் கடிதம்.

கூடுவாஞ்சேரியை விட்டு இங்கே வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. இவருக்கு பேங்க் நடந்துபோகிற தூரம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மணல்வெளி, அப்புறம் சவுக்குத் தோப்பு, அப்புறம் கடல். மானசா படிக்கும் ஸ்கூலில் மார்கரெட் மிஸ் பேஸ்பால் டீம் ஒன்று ஆரம்பித்திருக்கிறார். நவம்பரில் செங்கல்பட்டில் மாவட்ட செலக்‌ஷன். ஸ்கூலில் இருக்கும் இரண்டு பேட்டும் பெரிய பெண்களுக்கானவை. எனவே பட்டறை சுதாகர் ஓர் இரும்புக் குழாயை வெட்டி, பிடிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தான். அதை வைத்துத்தான் பின்னால் மணலில் அடித்துப் பழகுகிறாள். கனம் தாங்காமல் மணிக்கட்டு வீங்கிவிட்டது. டாக்டர் இனி அதைத் தொடவே கூடாது என்கிறார்.

ஜெயந்த் ஆடுகிறானே, உனக்கு இதெல்லாம் தெரியும். 'ஒன் பீஸ் அலாய்' வாங்கச் சொல்லி மிஸ் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அலாய் என்றால் இரும்பு கலந்ததுதானே? நான் படித்த கெமிஸ்ட்ரி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. இரும்பு உண்டா என்று மட்டும் கடையில் கேட்டு எழுது. மறந்துவிடாதே.

உன் தங்கை,
வத்சலா

டேட்டன், ஒஹாயோ
1.7.2003

சௌபாக்கியவதி வத்சலாவுக்கு,

அண்ணாவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் நலம். முதுகு என்னோடு பேசுவதில்லை, நானும் அதோடு பேசுவதில்லை, அப்படியே போகிறது. ஆத்தில் ஒரு பேஸ்பால் பெண் என்று கேட்டதும் மன்னிக்கு ஒரே பெருமை. ஜெயந்த்தான் "அவ என்னைவிட நல்லா அடிப்பாளோ?" என்று கவலைப்பட ஆரம்பித்திருக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். இப்போது இங்கே இரண்டு விதம் வருகிறது. ஒன்று, பிடியும் தலையும் தனித்தனியாகச் செய்து நடுவில் ஒட்டியது. தப்பான இடத்தில் பட்டாலும் கை அதிராது. இன்னொன்று, உங்கள் மிஸ் சொன்ன ஒரே துண்டு. அதில் தப்பாக அடித்தால் தோள்வரை ஜிவ்வென்று ஏறும். ஆனால் அதுதான் கற்றுக்கொடுக்கும். பந்து எங்கே பட்டது என்று கை சொல்லிவிடும். மிஸ் விவரமானவர்.

மானசாவின் உயரம், எடை இரண்டையும் எழுது. அதை வைத்துத்தான் நீளமும் கனமும் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம், அவளுக்கு யார் பந்து போடுகிறார்கள்? எவ்வளவு வேகம்? அதுவும் தெரிய வேண்டும்.

பாலு

மாமல்லபுரம்
16.7.2003

அன்புள்ள அண்ணா,

நமஸ்காரம். உன் கடிதம் நேற்று வந்தது. எல்லோரும் சுகம். எனக்குத்தான் தூக்கம் சரியில்லை, வேறொன்றுமில்லை.

மானசா உயரம் 138 சென்டிமீட்டர். எடை 29 கிலோ, போன வாரம் ரைஸ் மில் தராசில் நிறுத்தது. வலது கை ஆட்டம். மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டது, ஆனாலும் குழாயை விடமாட்டேன் என்கிறாள். நானும் விடச் சொல்லவில்லை. புது பேட் வரும்வரை அதுவே கையில் இருக்கட்டும்.

இரும்பைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே. இங்கே உப்புக்காற்று தெரியுமா, வந்த ஆறு மாதத்தில் கேட்டின் கொண்டி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அதனால் கேட்கிறேன். கடைக்காரரிடம் கட்டாயம் விசாரித்து எழுது, வாங்குவதற்கு முன்னால்.

ஜெயந்த் பந்து அனுப்பட்டுமா என்று கேட்டதாகப் போனில் சொன்னாயே, ரொம்ப சந்தோஷம் என்று அவனிடம் சொல். பந்து வேண்டாம். ஆறு மாதமாக ஒரே பந்துதான். தொலைவதே இல்லை.

வத்சலா

டேட்டன்
4.8.2003

சௌபாக்கியவதி வத்சலாவுக்கு,

ஆசீர்வாதம். தூங்கு முதலில். பால் குடித்துவிட்டுப் படு.

பேட் வாங்கிவிட்டேன்! சனிக்கிழமை ஜெயந்த்தும் நானும் கடையில் இரண்டு மணி நேரம் நின்றோம். எட்டு பேட்டைக் கையில் வாங்கி வீசிப் பார்த்தேன். ஒன்பதாவதை வீசும்போது மேலே தொங்கிய டியூப்லைட்டில் படப் பார்த்தது, கடைக்காரக் கிழவர், "சார், நீங்கள் கை கட்டிக்கொண்டு சொல்லுங்கள், நான் எடுத்துத் தருகிறேன்" என்றார். 28 அங்குலம், 18 அவுன்ஸ். ஒரே துண்டு. விரல் நுனியால் சுண்டினால் கோயில் மணி மாதிரி நீளமாக ஒரு சத்தம். அது அடங்கும்வரை ஜெயந்த் காதை வைத்துக்கொண்டே நின்றான்.

உன் உப்புக்காற்றுக் கவலைக்கும் வழி செய்தாயிற்று. வேறு இரண்டு பேட்டில் பிடிக்குள்ளே கனத்துக்காக இரும்புத் தக்கை வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். இதில் அலுமினியம், கொஞ்சம் துத்தநாகம், கொஞ்சம் தாமிரம். குண்டூசி அளவு இரும்பு கிடையாது. வீட்டுக்கு வந்து மேலிருந்து கீழ்வரை காந்தம் வைத்தே பார்த்துவிட்டேன், எங்கேயும் ஒட்டவில்லை. சமுத்திரத்திலேயே போட்டு வைத்தாலும் துருப்பிடிக்காது.

என் நண்பன் ஜோசப்பின் அம்மா ரெபேக்காள் 20-ந்தேதி சென்னை வருகிறார். பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். செங்கல்பட்டில்தான் அவர் வீடு, மாப்பிள்ளை போய் வாங்கிக்கொள்ளலாம்.

பந்து போடுவது யார் என்று நீ எழுதவில்லை.

பாலு

மாமல்லபுரம்
10.8.2003

அன்புள்ள அண்ணா,

உன் பதில் இன்னும் வரவில்லை. நீ பேட் வாங்குவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். உப்புக்காற்று என்று எழுதியது பொய். எனக்கு இரும்பு கட்டாயம் வேண்டும். இரும்பு இல்லாத எதையும் வாங்காதே.

பந்து யார் போடுகிறார்கள் என்று கேட்டாய். யாருமில்லை. மானசா பந்தைத் தானே மேலே தூக்கிப் போட்டு அடிப்பாள். அது தோப்புக்குள் போகும். கொஞ்ச நேரத்தில் மணலில் உருண்டு திரும்பி வரும். குப்பத்துக் குழந்தைகள் உள்ளே நின்று உருட்டிவிடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு பொட்டுக்கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று போனேன். பட்டப்பகல், பன்னிரண்டு மணி. மரங்கள் வரிசை வரிசையாக நட்டவை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் கடல்வரை கண்ணுக்கு மறைவே இல்லை. ஒருவரும் இல்லை. கீழே சவுக்கு ஊசிகள் மெத்தை மாதிரி, ஒரு காலடித் தடம் கிடையாது. நான் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே நாலாவது வரிசையிலிருந்து பந்து புறப்பட்டு என் காலைத் தாண்டி மானசாவிடம் போயிற்று.

நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பூவாயி அந்தத் தோப்பில் அடுப்புக்குச் சருகு கூட்டுபவள். அவளிடம் கேட்டேன்.

"பாப்பா கையில கீறது இரும்பாம்மா?" என்றாள்.

"ஆமா, குழாய். ஏன்?"

"அப்ப வுடு. இரும்பு கீற வரைக்கும் அது கிட்ட வராது. தூரக்கவே நின்னுகினு ஆடும்."

"எது பூவாயி?"

"நீ படிச்ச பொம்பள. சொன்னா சிரிப்ப. அதுவும் புள்ளதாம்மா, ஆட ஆளில்லாம கீது. நாங்க சருகு கூட்டப் போவ சொல்ல இடுப்புல அருவா சொருவிக்கினுதான் போவோம்."

நான் சிரிக்கவில்லை. மானசா பிறந்தபோது அம்மா தொட்டிலுக்கு அடியில் பாக்குவெட்டி வைத்தாளே, அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அவருக்கு எதுவும் தெரியாது. மன்னியிடமும் சொல்லாதே. இரும்பு, அண்ணா. கொஞ்சமாவது.

வத்சலா

மாமல்லபுரம்
7.9.2003

அன்புள்ள அண்ணா,

நமஸ்காரம். என் கடிதமும் உன் கடிதமும் நடுவழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. காந்தம் வைத்துப் பார்த்த சந்தோஷத்தை நீ எழுதியிருந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். உன்மேல் தப்பில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு பொய் எழுதியவள் நான்.

ரெபேக்காள் அம்மா வீட்டிலிருந்து இவர் பேட்டை வாங்கிவந்த அன்றே மானசா அதைப் படுக்கையில் வைத்துக்கொண்டு தூங்கினாள். ஒளித்து வைக்கலாம் என்று பார்த்தேன். "இத்தனை காசு போட்டு மாமா அனுப்பினதை எதுக்கு ஒளிச்சு வெக்கற?" என்று இவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

முதல் நாள் அடித்தபோது அந்தச் சத்தம் தோப்புக்குள் போய், நேரம் கழித்து, அதே மாதிரி இன்னொரு சத்தமாகத் திரும்பி வந்தது. இப்போது பந்து உருண்டு வருவதில்லை. முதல் வரிசையிலிருந்து எறியப்பட்டு வருகிறது. மானசாவின் இடுப்புக்கு நேராக, அவள் அடிக்கத் தோதாக.

"யாருடி போடறா?" என்றேன்.

"அவதாம்மா. சூப்பரா போடறா. ஸ்கூல்ல போடறவா எல்லாம் வேஸ்ட்டு."

அவளுடைய அரைஞாணில் ஓர் இரும்புச் சாவியைக் கட்டிவிட்டேன். சாயங்காலம் சாவி கிணற்றடியில் கிடந்தது. "அவ கழட்டிட்டு வரச் சொன்னா" என்கிறாள்.

ஸ்கூல் பயிற்சிக்கு இரண்டு வாரமாகப் போகவில்லை என்று மார்கரெட் மிஸ் சொல்லி அனுப்பியிருக்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது. நேற்று எடை பார்த்தேன், 26.

வத்சலா

டேட்டன்
24.9.2003

சௌபாக்கியவதி வத்சலாவுக்கு,

ஆசீர்வாதம். உன் ஆகஸ்ட் கடிதம் ஒரு மாதமாக என் மேஜைமேல் இருக்கிறது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நான் இன்ஜினியர். எதிரொலி, காற்று, மணல் சரிவு என்று ஒரு பக்கம் எழுதினேன். அது உனக்கு உதவாது என்று தெரிகிறது. புது ஊர், அவர் நாள் முழுக்க பேங்கில், நீ தனியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு நல்ல டாக்டரைப் பார். கோபித்துக்கொள்ளாதே. குழந்தை இளைப்பதையும் டாக்டரிடம் காட்டு. கொஞ்ச நாள் கூடுவாஞ்சேரியில் நாத்தனார் வீட்டில் போய் இரு.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கடையில் பிடிக்குள் இரும்பு வைத்த பேட் இன்னும் இருக்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். அனுப்பட்டுமா?

பாலு

மாமல்லபுரம்
10.10.2003

அன்புள்ள அண்ணா,

நமஸ்காரம். கோபமில்லை. அனுப்ப வேண்டாம், இரும்பினால் பிரயோஜனமில்லை.

போன மாதக் கடைசியில் அலாய் பேட்டைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிட்டு, பழைய குழாயை அவள் கையில் கொடுத்தேன். பந்து வரவில்லை. கால் மணி நேரம் நின்றாள். பிறகு குழாயை மணலில் போட்டுவிட்டு, "சரி, நானே வரேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுத் தோப்புக்குள் நடந்தாள். நான் செருப்பில்லாமல் ஓடினேன். கடைசி வரிசையில், அலை தொடுகிற இடத்தில் பிடித்தேன். என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். யார் என்று தெரிவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே கூடுவாஞ்சேரிக்கும் போய்ப் பார்த்துவிட்டோம், நாத்தனார் வீட்டுக்கு. மூன்றாவது மாடி. பேட் இல்லாமல் வரமாட்டேன் என்று அழுததால் எடுத்துக்கொண்டுதான் போனோம், பந்து கிடையாது. இரண்டாம் நாள் மத்தியானம் பால்கனியில் நின்று வெறும் காற்றில் வீசினாள். நானும் நாத்தனாரும் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். டங் என்று சத்தம் கேட்டது. பந்து பட்டால்தான் அந்தச் சத்தம் வரும். நாத்தனார் அரிவாள்மணையை மடக்கிவிட்டு, "அது என்ன வத்சலா?" என்றாள். எதிர்வீட்டில் ஏதாவது இருக்கும் என்றேன். மறுநாளே திரும்பிவிட்டோம். தூரப் போனால் அது தொலைகிறது என்றில்லை. இங்கேயாவது எங்கே நிற்கிறது என்று தெரியும்.

பூவாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதுக்கு இன்னா தெரியும், ஆட ஆள் வோணும், அவ்ளோதான். உன் பொண்ணுதான் வோணும்னு கேட்டுதா?" என்றாள். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வத்சலா

மாமல்லபுரம்
2.11.2003

மதிப்பிற்குரிய பாலசுப்ரமணியன் அவர்களுக்கு,

ராஜகோபாலன் அநேக நமஸ்காரம். க்ஷேமம். உங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும்.

நீங்கள் போனில் சொன்னபடி வத்சலாவைச் செங்கல்பட்டில் டாக்டரிடம் காட்டினேன். இரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். மானசா மூன்று வாரமாக நன்றாகச் சாப்பிடுகிறாள். ஸ்கூல் பயிற்சிக்கும் ஒழுங்காகப் போகிறாள். அந்த வகையில் கவலை இல்லை.

நான் எழுதுவது வேறு விஷயம். வேலைக்கார அம்மாள் என்னிடம், "சார், நீங்க பேங்குக்குப் போனப்பறம் அம்மா மத்தியானத்துல தோப்பாண்ட நின்னு பேட் ஆடிகினு கீறாங்க, தெரியுமா?" என்றாள். தெரியாது. எனவே வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுப் பின்புறமாகப் போனேன்.

வத்சலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழந்தையின் மட்டையோடு நின்றிருந்தாள். நன்றாகவே அடித்தாள், எனக்கே ஆச்சரியம். பந்து தோப்புக்குள் போயிற்று. குப்பத்துப் பையன்கள் யாராவது எடுத்துப் போடுகிறார்களா, அவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். பையன்கள் இல்லை. மற்றதை எனக்கு எழுதத் தெரியவில்லை. நான் அதிக நேரம் அங்கே நிற்கவில்லை. பேங்குக்கே திரும்பிப்போய் மாலைவரை உட்கார்ந்திருந்தேன், லீவு போட்டவர் ஏன் வந்தீர்கள் என்று மேனேஜர் கேட்டார்.

டிரான்ஸ்பருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். வத்சலாவிடம் இதைத் தெரிவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ராஜகோபாலன்

மாமல்லபுரம்
23.11.2003

அன்புள்ள அண்ணா,

நமஸ்காரம். மறுபடியும் இந்த நேரத்தில்தான் எழுத முடிகிறது, பொறுத்துக்கொள். மன்னியும் ஜெயந்த்தும் சுகமாக இருக்க வேண்டும்.

நல்ல சேதி. செங்கல்பட்டு செலக்‌ஷனில் மானசாவை எடுத்துக்கொண்டார்கள்! நூறு பெண்களில் பதினைந்து பேர். மார்கரெட் மிஸ் பஸ் ஸ்டாண்டிலேயே அவளைத் தூக்கிச் சுற்றினார். எடை மறுபடி 29. சிநேகிதிகள் வீட்டுக்கு வருகிறார்கள், முன்வாசலில்தான் விளையாட்டு. போன வாரம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "அவ வரதில்லையாடி இப்போ?" என்று கேட்டுப் பார்த்தேன். "எந்த அவ?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன்.

இவர் உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். சொல்லவில்லை, ஆனால் தோப்பருகே என்னைப் பார்த்த அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து பின்கதவுப் பக்கம் வருவதில்லை. டிரான்ஸ்பர் வேண்டாம் என்று நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். நான் இங்கே இருக்கும்வரை அது குழந்தையைத் தேடாது. நடுவில் ஒரு நாள் எனக்கு ஜுரம், தோப்புப் பக்கம் போகவில்லை. அன்று சாயங்காலம் மானசா பின்கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். எடை இப்போது 45. எனக்கு ஒரு பேட் வேண்டும். மானசாவுடையது எனக்குக் குட்டை, குனிந்து குனிந்து இடுப்பு போகிறது. 31 அங்குலம் சரியாக இருக்குமா? கனத்தை நீயே பார்த்துச் சொல். வேகம் கூடிவிட்டது, பத்து வயதுக் குழந்தைக்குப் போடுகிற மாதிரி இப்போது போடுவதில்லை. கை அதிர்ந்தாலும் பரவாயில்லை, ஒரே துண்டாகவே இருக்கட்டும். சில சமயம் பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை, பட்டதைக் கைதான் சொல்கிறது. இரும்பு எங்கேயும் இருக்கக் கூடாது. மறுபடி காந்தம் வைத்துப் பார்த்து அனுப்பு.

டிசம்பர் 23-லிருந்து அரைப் பரீட்சை லீவு. பத்து நாள் மானசா பகல் முழுக்க வீட்டில் இருப்பாள், டீமுக்காகத் தன் பேட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்வாள். அந்தப் பத்து நாளும் நான் வெறுங்கையோடு அங்கே போய் நிற்க முடியாது. யாராவது அதற்குள் இந்தப் பக்கம் வருகிறார்களா என்று விசாரி.

சீக்கிரம் பதில் போடு.

வத்சலா